வாயிற்காவலனுக்கு ஒரே வசனம்

மாதனூர் வட்டாரத்தில் ஒரு பள்ளி. ஆண்டு விழா. அழைத்திருந்தனர், சென்றிருந்தோம். பள்ளியின் பெயர் வேண்டாம். பழிப்பது நம் நோக்கமன்று. அங்கே கண்ட காட்சியைத் தமிழகத்தின் எந்த மூலையிலும் காணலாம்.

நாடகம் நடந்தது. அரசவைக் காட்சி. அட்டையிலே செய்த கிரீடம், வெள்ளித்தாள் ஒட்டிய வாள், வாடகைக்கு எடுத்துவந்த பட்டுடை. மன்னன் பேசினான், பேசினான் என்பது போதாது, முழங்கினான். எதுகை இருந்தது, மோனை இருந்தது, மூச்சு விடத்தான் இடமில்லை. அமைச்சன் பேசினான். புலவர் பேசினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. மேடையின் ஓரத்திலே, மூங்கிற்கழியை ஈட்டியாகப் பிடித்தபடி, தொடக்கம் முதல் முடிவு வரை ஓர் உருவம் நின்றுகொண்டிருந்தது. வாயிற்காவலன்! எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி. அவளுக்கு ஒரே வசனம்: "மன்னா! தங்களைக் காணப் புலவர் ஒருவர் வந்துள்ளார்." அதையும் திக்கித் திணறிச் சொன்னாள். கூட்டம் சிரித்தது.

விழா முடிந்தபின் வேப்பமரத்தடியில் அவளைக் கண்டோம். "ஏனம்மா உனக்கு இவ்வளவு சிறிய வேடம்?" என்று கேட்டோம். "எனக்குப் பேச வராதுன்னு சாரு இத குடுத்தாரு" என்றாள். வருத்தம் ஏதுமில்லை அந்தக் குரலில். கிழமை ஏழு என்பதுபோல, தனக்குப் பேச வராது என்பதும் அவளுக்கு ஒரு செய்தி.

பேச வராதாம்! பேச்சோடு பேச்சாக அவளுடைய அன்னையைப் பற்றிக் கேட்டோம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை. அன்று காலை கம்பெனி பஸ் தாமதமாக வந்ததாம். அதற்கு அரைநாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்களாம். அன்னை சூப்பர்வைசரிடம் வாதாடினாராம். 'ஆம்' 'ஆம்' என்று நாம் எழுதுகிறோம். அவள் அப்படிச் சொல்லவில்லை, நடித்தே காட்டினாள். அன்னையின் ஆத்திரம் ஒரு குரல். சூப்பர்வைசரின் அதட்டல் இன்னொரு குரல். நடுவே சமாதானம் பேசவந்த மற்றொரு தொழிலாளியின் தமிழும் உருதும் கலந்த பேச்சு வேறொரு குரல். யார் எங்கே நின்றார், யார் எப்போது தலையைக் குனிந்தார் என்பதெல்லாம் அந்தச் சிறு கைகளிலும் கண்களிலும் தெரிந்தன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருந்தால் மூவர் பேசுவதாகவே எண்ணியிருப்போம். மேடையில் ஊமை, மேடையை விட்டு இறங்கினால் மூன்று பேர்!

மொழியை நாடகத்தின் மூலம் கற்பிக்கலாம் என்ற கருத்து இன்று கல்வித்துறையாரால் பெரிதும் பேசப்படுகிறது. நல்ல கருத்து, நாமும் வரவேற்கிறோம். ஆனால் நாடகம் நடந்தால் மொழி வளர்ந்துவிடும் என்று நம்புவோருக்கு அந்த மூங்கிற்கழியைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். நாடகத்திலே யாருக்கு எந்தப் பேச்சு தரப்படுகிறது என்ற கேள்வியை விட்டுவிட்டு, நாடகவழிக் கல்வியைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

இக்கேள்வி புதிதன்று. வடமொழி நாடகங்களைப் பாருங்கள். மன்னன் சமஸ்கிருதம் பேசுவான். பெண்களும் ஏவலரும் பிராகிருதம் பேசுவர். அரசியே ஆனாலும் பெரும்பாலும் பிராகிருதந்தான். இலக்கணமே அப்படி விதித்தது. இன்ன பிறப்புக்கு இன்ன தொழில் என்று பிரித்த அதே கை, இன்ன பிறப்புக்கு இன்ன மொழி என்றும் மேடையிலே கோடு கிழித்தது. பின்னாளில் தமிழ் மேடையிலும் மன்னனுக்குச் செந்தமிழும் விருத்தமும். வேலைக்காரனுக்கு, நகைப்புக்கென்றே ஒதுக்கிய கொச்சை. அரசவை நாடகம் ஆண்டுதோறும் நடத்தும் பள்ளிகள் இந்தக் கோட்டை அழிக்கவில்லை. சுண்ணக்கட்டியால் மீண்டும் மீண்டும் தீட்டிக்கொண்டிருக்கின்றன.

இந்தக் கோட்டை அழிக்க முனைந்த மேடை ஒன்று இந்நாட்டில் இருந்தது. 1940-களிலும் 1950-களிலும் திராவிட இயக்கத்தார் நடத்திய நாடகங்களில் வேலைக்காரி பேசினாள், கைம்பெண் பேசினாள், குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தப்பட்டவன் பேசினான். அதுவும் எந்தத் தமிழில்? மன்னனுக்கென்று வைத்திருந்த தமிழில்! அண்ணாவின் 'சந்திரோதயம்', 'ஓர் இரவு', 'வேலைக்காரி' ஆகியவற்றைப் பார்த்த மக்களிலே பெரும்பாலோர் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டாதவர்கள். செந்தமிழ் புலவர்க்கு மட்டுமே உரியதன்று, நம் வாயிலும் நிற்கும் என்பதை அவர்கள் கொட்டகையிலேதான் அறிந்தார்கள். 1954-இல் சென்னை மாகாண அரசு நாடகங்களைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே கொண்டுவந்தது என்றால், எம். ஆர். இராதா போன்றோரின் மேடைப்பேச்சு ஆட்சியாளரை எவ்வளவு உறுத்தியது என்பது புலனாகும்.

ஆனால் நம் வீட்டுக் குறையையும் நாமே சொல்ல வேண்டுமல்லவா? 1952-இல் வந்த 'பராசக்தி'யின் வசனத்தை மனப்பாடம் செய்யாத இளைஞர் அந்நாளில் அரிது. நீதிமன்றக் காட்சியை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்போர் ஊருக்கு ஊர் இருந்தனர். பெருமைதான். எனினும் கேட்கிறோம்: ஒப்பித்த இளைஞருள் எத்தனை பேர், தம் ஊர்க் குடிநீருக்காகவோ தம் கூலிக்காகவோ நான்கு வரி தம் சொந்த வாக்கியத்தில் எழுதப் பழகினர்? பழகியோர் உண்டு, அவர்களே பின்னர்ப் பேச்சாளராயினர், எழுத்தாளராயினர். பழகாது ஒப்பித்தலோடு நின்றவர் அவர்களினும் மிகப் பலர். இரவல் வசனம் இரவல் பட்டுடை போன்றது. விழா முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டியதே.

பழைய பாய்ஸ் கம்பெனிகளின் கதையும் இதையே கூறும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். ஆறு வயதுச் சிறுவராக அதிலே சேர்ந்தவர் டி. கே. சண்முகம். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட எம். ஜி. ஆர். பயின்றதும், சிவாஜி கணேசன் பயின்றதும் இத்தகைய நாடகக் கம்பெனிகளிலேதான். அங்கே நாடகம் பயிற்றுவித்தவருக்குப் பெயரே 'வாத்தியார்'. பள்ளி தராத தமிழை மேடை தந்தது; உச்சரிப்பு, மூச்சு, பொருளுக்கேற்ற ஏற்ற இறக்கம் எல்லாம் அங்கே கைவந்தன. அடியும் பட்டினியும் அங்கேதான். அதைப் புகழ நாம் ஆயத்தமாக இல்லை. பாடத்தைப் பிரம்பால் புகட்டிய முறை திண்ணைப்பள்ளிக்கும் நாடகக் கொட்டகைக்கும் பொதுவாகவே இருந்தது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: சொல்லை உடலால் கற்ற பிள்ளை அதை மறப்பதில்லை.

இனி இன்றைய வகுப்பறைக்குள் நுழைவோம்.

தமிழ்ப் பாடநூலில் நாடகப் பகுதி ஒன்று இருக்கும். அது எவ்வாறு நடத்தப்படுகிறது? ஒருவன் எழுந்து படிப்பான், அடுத்தவன் தொடர்வான், ஆசிரியர் அருஞ்சொற்பொருள் எழுதிப்போடுவார், பிறகு கோடிட்ட இடம், பிறகு இடஞ்சுட்டிப் பொருள் விளக்குதல், பிறகு மதிப்பெண். நாடகம் உரைநடையாகிவிட்டது, உரைநடை வினாவிடையாகிவிட்டது. பேராசிரியர் சுந்தரம்பிள்ளை 1891-இல் 'மனோன்மணீயம்' வெளியிட்டார். படிப்பதற்கென்றே இயற்றப்பெற்ற நாடகம் அது என்பர். அதன் வாழ்த்துப் பாடலை 1970-இல் அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. நாள்தோறும் காலையில் பிள்ளைகள் பாடுகிறார்கள். அந்த நாடகத்தின் ஒரு காட்சியையேனும் எழுந்து நின்று பேசிப்பார்த்த வகுப்பு எத்தனை? படிப்பதற்கென்று இயற்றியதை மட்டுமா, நடிப்பதற்கென்று எழுதியதையும் நாம் பெஞ்சிலே உட்கார்ந்தே முடித்துவிடுகிறோம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூற மாட்டோம். கொரோனாக் காலத்தில் ஏற்பட்ட கற்றல் இடைவெளியை நிரப்ப 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கப்பட்டது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை. அடுத்த ஆண்டில் நான்கு, ஐந்துக்கும் விரிந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளின் நிலையறிந்து பிரித்து, பாட்டும் கதையும் பொம்மையும் கொண்டு மொழி கற்பிக்க வழிகாட்டிற்று. சிறு வகுப்புகளில் இதன் பயன் கண்கூடு. பிள்ளை முகமூடி அணிந்து நரியாகப் பேசும்போது அதற்குக் கூச்சம் போகிறது. ஆனால் ஆறாம் வகுப்புக்கு வந்ததும் பொம்மை பீரோவிலே பூட்டப்படுகிறது. பன்னிரண்டு வயதிலேதான் மனிதனுக்கு வாதாடும் ஆசை பிறக்கிறது. அந்த வயதிலே, "வாயை மூடு" என்கிறோம்.

பெரிய வகுப்புகளுக்கு 2022-23-இல் வந்தது 'கலைத் திருவிழா'. பள்ளி, ஒன்றியம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டி. வென்றோர்க்குக் கலையரசன், கலையரசி என்ற பட்டம். அரசுப் பள்ளிப் பிள்ளை மாநில மேடையில் நிற்பது கண்டு மகிழாதவர் யார்? நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் போட்டிக்கு ஓர் இயல்பு உண்டு. நன்றாகப் பேசுபவனைத் தேடும், பேசாதவனை ஒதுக்கும். மொழி கற்பிப்பவரின் வேலை அதற்கு நேர்மாறானது. போட்டியைப் பாடமென்று எண்ணிவிட்டால், ஏற்கெனவே பேசத் தெரிந்த ஐவருக்கு இன்னும் பேசக் கற்றுத் தந்துவிட்டு, மற்ற நாற்பது பேரைக் கைதட்ட வைத்திருப்போம். அரசர்களை உண்டாக்கும் விழாவிலே காவலர்களின் எண்ணிக்கையே மிகும்!

பிற நாட்டார் இதை எப்படி அணுகினர்? இங்கிலாந்திலே டாரதி ஹெத்கோட் என்றொரு அம்மையார் இருந்தார். 1926-இல் பிறந்தவர்; பதினான்கு வயதிலே யார்க்ஷயர் கம்பளி ஆலையில் நெசவு வேலைக்குப் போனவர். ஆலைத் தொழிலாளியான அவர் நாடகம் பயின்று, நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கே ஆசிரியரானார். அவருடைய முறையில் ஒத்திகை இல்லை, பார்வையாளர் இல்லை, பட்டுடை இல்லை. ஆசிரியரே ஒரு வேடம் ஏற்று, ஒன்றும் தெரியாதவராக உள்ளே வருவார். பிள்ளைகள் விவரம் அறிந்தவர்களாக அவருக்கு விளக்க வேண்டும். அதிகாரத்தைத் தற்காலிகமாகக் கைமாற்றுகிறார், அவ்வளவே. கைமாறியதும் பிள்ளையின் வாய் திறக்கிறது. பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் 1973-இல் பெரு நாட்டின் எழுத்தறிவு இயக்கத்தில் பணியாற்றியபோது, பல மொழி பேசும் ஏழை மக்களிடையே பார்வையாளரையே மேடைக்கு அழைத்தார்: "இந்தக் காட்சியிலே நீ இருந்தால் என்ன சொல்வாய்? வந்து சொல்!" யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978-இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். 'கூடி விளையாடு பாப்பா' போன்ற சிறுவர் நாடகங்களை எழுதினார். இலங்கையிலே 'நாடகமும் அரங்கியலும்' பள்ளித் தேர்வுக்குரிய பாடமாகவே உள்ளது. கடல் கடந்த தமிழர் செய்ததைக் கரையிலே இருக்கும் நாம் செய்யத் தயங்குகிறோம்.

கடல் கடப்பானேன்? வடஆர்க்காட்டு மண்ணிலேயே ஓர் ஆசிரியர் இருக்கிறார். தெருக்கூத்துக் கட்டியங்காரனைத்தான் சொல்கிறோம். திரௌபதி அம்மன் விழாவிலே விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தின் புராணப் புளுகில் நமக்கு உடன்பாடில்லை. அதை இளைஞர்க்குச் சொல்லத் தேவையுமில்லை. ஆனால் அந்த வடிவத்தைக் கூர்ந்து நோக்குங்கள். இருவர் திரை பிடிக்கிறார்கள். திரைக்குப் பின்னே மன்னன். கட்டியங்காரன் கேட்கிறான்: நீ யார்? எந்த நாடு? என்ன காரியமாக வந்தாய்? எவ்வளவு பெரிய வேந்தனும் அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் சபைக்குள் வர முடியாது! மன்னன் பாட்டிலும் வசனத்திலும் பேசுவதை, கட்டியங்காரன் ஊர்ப்பேச்சிலே திருப்பிச் சொல்லிக் கேலியும் செய்வான். இரண்டு தமிழும் தெரிந்தவன் கூத்திலே அவன் ஒருவனே.

இரண்டு தமிழ் என்றோமே, அங்கேதான் மொழிப்பாடத்தின் முடிச்சே இருக்கிறது. தமிழ்ப் பிள்ளை வீட்டிலே ஒரு தமிழைப் பேசுகிறது; புத்தகத்திலே வேறொரு தமிழைக் காண்கிறது. மாதனூரிலோ அந்த இரண்டும் போதா. சில வீடுகளில் உருது. சில வீடுகளில் தெலுங்கு. சேரியிலே ஒரு பேச்சு, கடைத்தெருவிலே ஒரு பேச்சு. "இன்னா சார்" என்று வாய் திறந்த பிள்ளையை, "ஒழுங்காகப் பேசு" என்று அடக்கினால் அது ஒழுங்காகப் பேசக் கற்பதில்லை, பேசாமலிருக்கக் கற்கிறது. வேப்பமரத்தடியில் மூவராய்ப் பேசிய சிறுமி மேடையிலே திக்கியதன் காரணம் வேறென்ன?

அவளுடைய ஆசிரியருக்கு ஒரு காட்சியை முன்வைக்கிறோம். ஷூ கம்பெனி வாசல். பஸ் தாமதம். ஒருத்தி தொழிலாளி, ஒருவன் சூப்பர்வைசர், ஒருவன் பஸ் ஓட்டுநர். முதல் நாள் அவரவர் வீட்டுப் பேச்சிலேயே பேசட்டும், திருத்தாதீர்கள். மறுநாள் அதே செய்தி தொழிலாளர் துறை அலுவலகத்திலே. அங்கே ஓர் அதிகாரி. அவரிடம் அன்னை எந்தத் தமிழில் பேசுவாள்? "கூலி புட்சிக்கினாங்க" என்றது, "என் ஊதியத்தைப் பிடித்தம் செய்துவிட்டனர்" என்று மாற வேண்டிய தேவை அங்கே தானாக எழும். தேவை எழுந்த பின் கற்ற இலக்கணம் தங்கும். மூன்றாம் நாள் விண்ணப்பம் எழுத வேண்டும்: பெறுநர், பொருள், நாள், கையொப்பம். பேச்சுத்தமிழிலிருந்து எழுத்துத்தமிழுக்கு மூன்றே நாளில் பாலம். அந்த விண்ணப்பத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் பிள்ளை தானே தேடிக்கொண்டது. உருது பேசும் தோழனுக்கும் இதிலே இடமுண்டு. இருவருக்கிடையே மொழிபெயர்ப்பவனாக அவன் வந்தால், வகுப்பிலேயே மிகத் திறமை வேண்டிய வேடம் அவனுடையதுதான்.

இங்கே எச்சரிக்கை ஒன்று. தோல் பதனிடுபவரின் மகனைத் தோல் பதனிடுபவராகவும், அலுவலரின் மகனை அலுவலராகவும் நிறுத்திவிட்டால், அதைவிடப் பெருங்கொடுமை வேறில்லை. சுண்ணாம்புக் குழியும் தோல் வாடையும் அந்தப் பிள்ளையின் வீட்டிலே போதுமான அளவு உண்டு. வகுப்பிலே அதை வேடிக்கைப் பொருளாக்க வேண்டாம். எத்தொழில் எச்சாதிக்கு என்று ஊரார் சொல்லி வைத்திருப்பதை ஆசிரியரும் வேடப்பட்டியலாக எழுதிவிடக் கூடாது. தொழிலாளியின் மகள் அதிகாரியாகட்டும். வசதியுள்ள வீட்டுப் பையன் வாசலிலே நின்று கெஞ்சிப் பார்க்கட்டும். மறுநாள் மாற்றுங்கள். எல்லா வேடத்தையும் எல்லாரும் ஒருமுறை பேசியாக வேண்டும் என்பதே இந்நாடகத்தின் ஒரே விதியாக இருக்கட்டும்.

மறுப்புக் கூறுவோர் உண்டு. "பாடத்திட்டத்தை முடிப்பது எப்போது?" என்பர். முடித்த பாடம் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும். "வகுப்பிலே இரைச்சல்" என்பர். மொழி வகுப்பிலே ஓசை கேட்பது குற்றமென்றால், இசை வகுப்பையும் ஊமையாகவே நடத்தலாம்! "எழுத்துப்பிழை போகுமா?" என்பது ஒன்றே எடைபோட வேண்டிய கேள்வி. போகாது. ல, ள, ழ மயக்கமும் ர, ற மயக்கமும் நடிப்பதனால் மட்டும் தீர்வதில்லை. அதற்கு அமைதியாக உட்கார்ந்து படிக்கவும் எழுதவும் வேண்டும். நாடகம் எல்லா நோய்க்கும் மருந்தென்று விற்பவரை நாம் நம்பவில்லை. ஐம்பது பிள்ளைகளும் ஒரே ஆசிரியரும் உள்ள வகுப்பிலே இவ்வளவும் செய்வது எளிதன்று என்பதையும் மறக்கவில்லை. பயிற்சியும் நேரமும் தராமல் ஆசிரியர் தலையிலே இன்னொரு சுமையை ஏற்றினால், மூன்றாம் மாதம் அது பதிவேட்டிலே மட்டும் நடக்கும் நாடகமாகிவிடும்.

இவ்வளவும் எழுதி முடித்த வேளையில் அதே பள்ளியிலிருந்து இவ்வாண்டு விழா அழைப்பிதழ் வந்தது. இவ்வாண்டும் அரசவை நாடகந்தான். மன்னன், அமைச்சர், புலவர் வேடங்களில் நடிப்போர் பெயர்கள் அச்சிடப்பட்டுள்ளன. வாயிற்காவலனாக நிற்கப்போவது யாரென்று போடவில்லை. போய்ப் பார்க்க இருக்கிறோம்.